பாலன் குடிலில் இல்லாத பேரீத்த மரம்: ஈஸா நபியும் நத்தாரும் முஸ்லிம்களும்

கொழும்பில் எங்கள் கொட்டாஞ்சேனை வீட்டுக்குப் பக்கத்து வீடு கத்தோலிக்க வீடு. நத்தார், அதாவது கிறிஸ்மஸ், நெருங்கி டிசம்பர் நடுப்பகுதியானால் அந்த வீட்டு அன்ரி முன் விறாந்தையில் பாலன் குடில் கட்டத் தொடங்குவார். வைக்கோல் கூரை, கசக்கிய கடதாசியில் மலை, ஆடு மாடுகள், ஒட்டகத்தோடு மூன்று ராசாக்கள், சின்னச் சின்ன மின்குமிழ்கள். ஏழு வயதில் ஒருநாள் அதை நெடுநேரம் பார்த்துவிட்டு, "அன்ரி, ஈத்த மரத்தைக் காணல்லையே?" என்று கேட்டேன். "என்ன மரம் மகள்?" என்றார். குர்ஆன் ஓதப் போகும் இடத்தில் லெப்பை சொல்லித் தந்த கதையைச் சொன்னேன்: மர்யம் தனியாக இருந்தார், வலி வந்தது, ஈத்த மரத்தைப் பிடித்துக்கொண்டார், மேலேயிருந்து பழம் விழுந்தது. அன்ரி கையிலிருந்த வைக்கோலைக் கீழே வைத்துவிட்டு முழுக்கதையையும் கேட்டார். கடைசியில், "உங்கட ஆக்களுக்கும் மாதாவைத் தெரியுமா?" என்றார்.

அந்தக் கேள்வியை அதற்குப் பிறகு எத்தனையோ பேர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். எங்கள் பக்கத்திலிருந்து வரும் கேள்வி வேறு: "கிறிஸ்மஸ் வாழ்த்துச் சொன்னால் ஈமான் (இறைநம்பிக்கை) போய்விடுமா?" டிசம்பர் வந்தால் வாட்ஸ்அப் குழுமங்கள் முழுவதும் இதுதான். முதல் கேள்வி கேட்பவருக்கு முஸ்லிம்கள் இயேசுவை எவ்வளவு நேசிக்கிறார்கள் என்பது தெரியாது. இரண்டாவதைக் கேட்பவர், அந்த நேசம் எதில் தொடங்கி எங்கே நிற்கிறது என்பதை யோசித்துப் பார்க்கவில்லை. இரண்டையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

மதிலுக்கு மதில் வாழ்ந்தும் இது தெரியாமல் போவதற்கு ஒரு சாதாரணக் காரணம் உண்டு. இலங்கைப் பாடசாலைகளில் சமயம் கட்டாயப் பாடம். அவரவர் சமயத்தை அவரவர் படிப்போம். சமயப் பாட மணி அடித்ததும் சைவப் பிள்ளைகள் ஓர் அறைக்கு, கத்தோலிக்கப் பிள்ளைகள் இன்னோர் அறைக்கு, நாங்கள் வேறோர் அறைக்கு. ஒரே வாங்கில் இருந்து கணக்குப் படித்த இரண்டு பேர், ஒருத்தி மரியாளைப் பற்றியும் மற்றவள் மர்யமைப் பற்றியும் படித்துவிட்டு வந்து அதே வாங்கில் உட்காருவார்கள். அது ஒரே பெண் என்று இருவருக்கும் தெரியாது. பெயர்களும் மறைத்துவிடுகின்றன. இயேசு எங்களுக்கு ஈஸா. கபிரியேல் ஜிப்ரீல். திருமுழுக்கு யோவான் யஹ்யா. முஸ்லிம்கள் நிறைய வாழும் கொழும்பின் புதிய சோனகத் தெருவிலும் வாழைத்தோட்டத்திலும் நின்று "ஈஸா", "மர்யம்", "யஹ்யா" என்று கூப்பிட்டுப் பாருங்கள், வீட்டுக்கு ஒருவராவது எட்டிப் பார்ப்பார்கள். ஒரு கிறிஸ்தவருக்கு அவை அரபுப் பெயர்களாகத்தான் கேட்கும்.

சரி, குர்ஆன் என்ன சொல்கிறது?

குர்ஆனின் 114 அத்தியாயங்களில் 19ஆவதன் பெயரே மர்யம். குர்ஆன் முழுவதிலும் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படும் ஒரே பெண் அவர்தான். நபிகள் நாயகத்தின் தாயாருடைய பெயர் அதில் இல்லை, மனைவியர், மகள்மார் பெயரும் இல்லை. மர்யமின் பெயர் மட்டும் 34 இடங்களில் வருகிறது. ஈஸா என்ற பெயர் 25 இடங்களில் வருகிறது. முஹம்மத் என்ற பெயர் வருவது 4 இடங்களில். எண்ணிக்கையை வைத்து யார் பெரியவர் என்று தீர்மானிக்க முடியாது. ஆனாலும் "முஸ்லிம்களுக்கு இயேசுவோடு என்ன சம்பந்தம்?" என்று கேட்பவருக்கு இது முதல் பதில்.

கதை மர்யமின் தாயிடமிருந்து தொடங்குகிறது. இம்ரானின் மனைவி, வயிற்றிலிருக்கும் பிள்ளையை இறைவனுக்கே நேர்ந்துவிடுகிறார். பிறந்தது பெண். ஆலயப் பணிக்கு ஆண் பிள்ளையைத்தான் எதிர்பார்த்திருந்தார். ஆனால் இறைவன் அந்தப் பெண்ணையே ஏற்றுக்கொள்கிறான். ஸகரிய்யா நபி அவரை வளர்க்கிறார். தொழுமிடத்தில் மர்யமைப் பார்க்கப் போகும்போதெல்லாம் அவரிடம் உணவு இருக்கக் காண்கிறார். "இது எங்கிருந்து?" என்று கேட்டால், "அல்லாஹ்விடமிருந்து" என்கிறார் மர்யம். இது மூன்றாவது அத்தியாயத்தில் வருகிறது. அதன் பெயரும் 'இம்ரானின் குடும்பம்' என்பதுதான்.

மர்யம் அத்தியாயத்தில் கதை தொடர்கிறது. அவர் தம் மக்களைவிட்டு விலகி, கிழக்குப் பக்கமாக ஓரிடத்தில் தனித்திருக்கிறார். வானவர் மனித உருவில் வந்து நிற்கிறார். மர்யம் பயந்துபோய் இறைவனிடம் பாதுகாப்புத் தேடுகிறார். தூய்மையான மகன் பிறப்பான் என்று சொல்லப்படுகிறது. "என்னை எந்த ஆணும் தீண்டியதில்லையே, நான் ஒழுக்கம் கெட்டவளும் இல்லையே" என்கிறார். "அது எனக்கு எளிது" என்பது இறைவனின் பதில். ஆக, கன்னி மகப்பேற்றில் முஸ்லிமுக்குச் சந்தேகமே கிடையாது. ஈஸாவுக்குத் தந்தை இல்லை. அதனால்தான் குர்ஆன் அவரைத் திரும்பத் திரும்ப 'மர்யமின் மகன் ஈஸா' என்று அழைக்கிறது.

அப்புறம் பிரசவம். தொழுவம் இல்லை, சூசையப்பர் இல்லை, இடையர்களும் ராசாக்களும் நட்சத்திரமும் இல்லை. ஊர்ப் பெயரும் சொல்லப்படவில்லை. தூரமான ஓரிடத்தில் ஒரு பெண்ணும் ஒரு பேரீத்த மரமும் மட்டும். வலி அவரை அந்த மரத்தடிக்குத் துரத்துகிறது. "இதற்கு முன்பே நான் செத்து, அடியோடு மறக்கப்பட்டுப் போயிருக்கக் கூடாதா!" என்று கதறுகிறார். பிள்ளை பெற்ற எந்தப் பெண்ணாலும் இந்த வசனத்தைச் சும்மா ஓதிவிட்டுப் போக முடியாது. எனக்கு முதல் பிள்ளை வயிற்றில் இருந்தபோது உம்மா தினமும் மர்யம் சூராவை ஓதச் சொன்னார். எங்கள் குடும்பத்துப் பெண்கள் எல்லாரும் அப்படி ஓதியவர்கள்தான். புனிதமான ஒரு பெண், தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு பெண், அவரும் வலியில் இப்படிச் சொல்லியிருக்கிறார் என்பது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

அப்போது கீழிருந்து ஒரு குரல்: கவலைப்படாதே, உன் காலடியில் ஓர் ஊற்று ஓடுகிறது, மரத்தைப் பிடித்து உலுக்கு, பழுத்த பழங்கள் விழும், சாப்பிடு, குடி, கண்குளிர்ந்திரு, இன்றைக்கு எந்த மனிதரோடும் பேசாதே. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு வருகிறார். ஊர் பேசாமல் விடுமா? "உன் தகப்பனும் கெட்டவரில்லை, தாயும் நடத்தை கெட்டவளில்லையே" என்கிறது. மர்யம் வாய் திறக்காமல் பிள்ளையைக் காட்டுகிறார். தொட்டில் பிள்ளை பேசுகிறது: நான் அல்லாஹ்வின் அடியான், எனக்கு வேதம் தந்தான், என்னை நபியாக்கினான், என் தாய்க்கு நன்மை செய்பவனாக்கினான். கடைசியாக, "நான் பிறந்த நாளிலும், நான் இறக்கும் நாளிலும், உயிரோடு எழுப்பப்படும் நாளிலும் என் மீது சாந்தி" என்று முடிக்கிறது.

இந்தக் கடைசி வசனத்துக்கு நத்தார்ப் பேச்சில் தனி இடம் உண்டு, பிறகு வருகிறேன். அதற்கு முன், ஈஸா நபியின் தகுதி என்ன என்பதைச் சொல்ல வேண்டும். அவர் மஸீஹ். கிறிஸ்து என்பதும் மெசியா என்பதும் இதே சொல்தான். 'அல்லாஹ்வின் வார்த்தை' என்றும் 'அவனிடமிருந்து வந்த ஓர் ஆன்மா' என்றும் குர்ஆன் அவரைக் குறிப்பிடுகிறது. களிமண்ணில் பறவை செய்து ஊதினார், அது பறந்தது. பிறவிக் குருடரையும் வெண்குட்டம் உள்ளவரையும் குணப்படுத்தினார். இறந்தவரை எழுப்பினார். கடைசிக் காலத்தில் மீண்டும் பூமிக்கு இறங்கி வருவார். டமஸ்கஸின் கிழக்கில் வெள்ளை மினாராவுக்கு அருகில் இறங்குவார் என்பது ஹதீஸ், அதாவது நபிமொழி. அந்த நகரத்தின் உமையாப் பள்ளிவாசலில் ஒரு மினாராவுக்கு 'ஈஸாவின் மினாரா' என்றே பெயர். "இம்மையிலும் மறுமையிலும் மர்யமின் மகனுக்கு மனிதர்களில் மிக நெருக்கமானவன் நானே" என்று நபிகள் நாயகம் சொன்னதாகப் புகாரி என்ற நபிமொழித் தொகுப்பில் பதிவாகியிருக்கிறது. ஈஸாவை நபியாக ஏற்காத ஒருவர் முஸ்லிமே அல்ல.

இவ்வளவையும் கேட்ட பிறகு, "அப்போ எல்லாம் ஒன்றுதானே, நீங்களும் கொண்டாடினால் என்ன?" என்பார்கள். அன்போடு கேட்கிறார்கள். ஆனால் இங்கேதான் நான் நின்று பேச விரும்புகிறேன்.

எல்லாம் ஒன்று இல்லை. குர்ஆன் சொல்லும் ஒவ்வோர் அற்புதத்தோடும் 'அல்லாஹ்வின் அனுமதியால்' என்ற சொல் ஒட்டிக்கொண்டே வருகிறது. தந்தையில்லாமல் பிறந்ததால் அவர் இறைமகன் ஆகிவிடவில்லை. ஆதம் தாயும் தந்தையும் இல்லாமல் படைக்கப்பட்டார், ஈஸாவின் உவமை ஆதமின் உவமையே என்கிறது. பிரசவக் காட்சியை அவ்வளவு உருக்கமாகச் சொல்லும் அதே மர்யம் அத்தியாயம், சில வசனங்கள் தள்ளி, பிள்ளை எடுத்துக்கொள்வது இறைவனுக்குத் தகாது என்கிறது. அதன் இறுதிப் பகுதியில், அப்படிச் சொல்வதால் வானங்கள் பிளந்துவிடப் பார்க்கின்றன, மலைகள் நொறுங்கிவிடப் பார்க்கின்றன என்று இன்னும் கடுமையாகச் சொல்கிறது. சிலுவையையும் குர்ஆன் ஏற்கவில்லை: அவரை அவர்கள் கொல்லவும் இல்லை, சிலுவையில் அறையவும் இல்லை, அவர்களுக்கு அப்படித் தோன்றியது, அல்லாஹ் அவரைத் தன்னிடம் உயர்த்திக்கொண்டான்.

இதற்குப் பின்னால் இன்னும் அடிப்படையான ஒரு வித்தியாசம் இருக்கிறது. ஆதம் செய்த தவறு அவரோடு முடிந்தது, அவர் மன்னிக்கப்பட்டார், அவருடைய பாவத்தை யாரும் பிறப்பிலேயே சுமந்து வருவதில்லை என்பது இஸ்லாத்தின் நிலை. பிறவிப் பாவம் இல்லையென்றால் அதைப் போக்கும் மீட்பருக்கும் தேவை இல்லை. நத்தார் இரவில் கிறிஸ்தவர் கொண்டாடுவது ஒரு நல்ல மனிதரின் பிறந்தநாளை அல்ல. கடவுளே மனிதராகி நம்மிடையே வந்தார் என்பதை. பக்கத்து வீட்டுக் குடிலில் படுத்திருக்கும் அந்தப் பாலன் அன்ரிக்கு ஆண்டவர். "நாங்களும் அவரை நபியாக மதிக்கிறோம்" என்று நான் சொல்வது எனக்குப் பெரிய வார்த்தை. அவருக்கு அது குறைவான வார்த்தை. இதை மறைத்து மழுப்பினால் இரண்டு வீட்டு நம்பிக்கையையும் மலிவாக்கிவிடுவோம்.

வித்தியாசத்தை மறைக்காமலே நெருக்கமாக இருக்க முடியும் என்பதற்கு எங்கள் வரலாற்றின் தொடக்கத்திலேயே ஒரு சம்பவம் உண்டு. கி.பி. 615 அளவில், மக்காவில் கொடுமை தாங்காமல் முஸ்லிம்களில் ஒரு கூட்டத்தார் கடல் கடந்து அபிசீனியாவுக்கு (இன்றைய எத்தியோப்பியப் பக்கம்) போனார்கள். அங்கே ஆட்சி செய்தவர் நஜ்ஜாஷி என்ற கிறிஸ்தவ மன்னர். இவர்களைத் திருப்பி அனுப்பும்படி மக்காவின் குறைஷிக் குலத்தார் தூதர்களை அனுப்பினார்கள். மன்னர் அகதிகளைக் கூப்பிட்டு விசாரித்தார். நபிகளின் பெரிய தந்தை மகன் ஜஃபர், மர்யம் அத்தியாயத்தின் தொடக்கத்தை ஓதிக் காட்டினார். மன்னர் தாடி நனைய அழுதார் என்று எழுதியிருக்கிறார்கள்.

பலர் கதையை இந்த இடத்தில் நிறுத்திவிடுவார்கள். எனக்கு முக்கியமாகப்படுவது மறுநாள். தோற்றுப்போன குறைஷித் தூதர் மறுபடி வந்து, "ஈஸாவைப் பற்றி இவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள்" என்று கொளுத்திப் போட்டார். ஆபத்தான கேள்வி. உயிர் தப்பி வந்த அகதிகள் பூசி மெழுகியிருக்கலாம். ஜஃபர் அப்படிச் செய்யவில்லை: "அவர் அல்லாஹ்வின் அடியார், தூதர், கன்னி மர்யமிடம் அவன் இட்ட வார்த்தை, அவனிடமிருந்து வந்த ஆன்மா" என்றார். இறைமகன் என்று சொல்லவில்லை. சபையில் முணுமுணுப்பு எழுந்தது. மன்னரோ தரையிலிருந்து ஒரு குச்சியை எடுத்து, நீ சொன்னதற்கும் ஈஸாவுக்கும் இடையில் இந்தக் குச்சியளவு வித்தியாசம்கூட இல்லை என்றாராம். அகதிகளுக்குப் பாதுகாப்பு உறுதியானது. முதல் நாள் ஓதப்பட்டது இருவருக்கும் பொதுவானது. இரண்டாம் நாள் கேட்கப்பட்டது இருவரையும் பிரிப்பது. இரண்டாம் நாளும் அவர்கள் உள்ளதைச் சொன்னார்கள்.

இனி நத்தார்.

25 டிசம்பர் என்ற திகதி குர்ஆனிலும் இல்லை, நற்செய்தி நூல்களிலும் இல்லை. ரோமில் 336இல் அந்த நாளில் கொண்டாடியதாகப் பழைய பதிவு உண்டு. எகிப்தின் கொப்டிக் கிறிஸ்தவர்களுக்கு ஜனவரி 7, ஆர்மீனியருக்கு ஜனவரி 6. "பேரீத்தம்பழம் பழுப்பது கோடையில், ஆகவே டிசம்பர் பிறப்பே பொய்" என்று ஒவ்வொரு வருடமும் யாராவது எங்கள் குழுமத்தில் போடுவார்கள். இந்த வாதம் எனக்குப் பிடிப்பதில்லை. கிறிஸ்தவர்கள் கொண்டாடுவது நாட்காட்டியை அல்ல, நிகழ்வை. திகதியைப் பிழை என்று நிரூபித்தால் யாருடைய நம்பிக்கையும் அசையப் போவதில்லை, பக்கத்து வீட்டாரின் மனம்தான் நோகும்.

முஸ்லிம்கள் நத்தாரைக் கொண்டாடாததன் உண்மையான காரணங்கள் வேறு. மதீனாவுக்கு வந்த நபிகள், அங்குள்ளவர்கள் இரண்டு நாட்களை விளையாட்டு நாட்களாகக் கொண்டிருப்பதைக் கண்டு, அவற்றுக்குப் பதிலாக அதைவிடச் சிறந்த இரண்டை அல்லாஹ் தந்திருக்கிறான் என்றார். அவைதான் நோன்புப் பெருநாளும் ஹஜ்ஜுப் பெருநாளும். வணக்கமாகச் செய்யும் பண்டிகையை மனிதர் தாமாகக் கூட்டவும் குறைக்கவும் முடியாது என்பதே இதிலிருந்து அறிஞர்கள் எடுத்த விதி. இத்தனைக்கும் எங்கள் நபியின் பிறந்தநாளிலேயே எங்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. மீலாத் தினம் இலங்கையில் அரச விடுமுறை. சூஃபி வழியைப் பின்பற்றும் தரீக்காப் பள்ளிகளில் மௌலூது என்ற நபிபுகழ் ஓதி நார்சா (நேர்ச்சை உணவு) பகிர்வார்கள். அவற்றை ஏற்காத தவ்ஹீத் பள்ளிகளில் அது கூடாத புதுமை என்பார்கள். "திங்கட்கிழமை ஏன் நோன்பு வைக்கிறீர்கள்?" என்று கேட்டபோது, "அன்றுதான் நான் பிறந்தேன்" என்று நபிகள் சொன்ன ஹதீஸை ஒரு தரப்பு எடுத்துக் காட்டும். அவர் நோன்பு வைத்தார், விழா எடுக்கவில்லையே என்று மறுதரப்பு கேட்கும். தம் நபியின் பிறந்தநாளுக்கே இவ்வளவு வாதாடும் சமூகம் ஈஸா நபியின் பிறந்தநாளில் ஒதுங்கி நிற்பதை, அவரை அவமதிப்பதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மேலே சொன்ன தொட்டில் வசனத்தைக் காட்டி, "ஈஸா பிறந்த நாளின் மீது குர்ஆனே ஸலாம் சொல்கிறதே, நாம் ஏன் அந்த நாளை நினைவுகூரக் கூடாது?" என்று கேட்பவர்களும் எங்களுக்குள் உண்டு. முஹர்ரம் மாதம் பத்தாம் நாள் வைக்கும் ஆஷூரா நோன்பையும் ஆதாரமாக எடுப்பார்கள். மூஸா (மோசே) நபி எகிப்து மன்னன் பிர்அவ்னிடமிருந்து காப்பாற்றப்பட்ட நாள் என்று மதீனாவின் யூதர்கள் அன்று நோன்பு வைத்ததைக் கண்ட நபிகள், "மூஸாவுக்கு உங்களைவிட நாங்கள் உரியவர்கள்" என்று தாமும் வைத்தார். அதுவரை சரி. பிற்காலத்தில், அடுத்த வருடம் இருந்தால் ஒன்பதாம் நாளும் சேர்த்து வைப்பேன் என்று வித்தியாசப்படுத்தவும் செய்தார். சொந்தம் கொண்டாடுவதும் தனித்து நிற்பதும் அந்த ஒரே நோன்பில் இருக்கின்றன. இந்த முழு விவாதத்துக்கும் அதைவிடச் சுருக்கமான விளக்கம் எனக்குத் தெரியாது.

ஒன்று மட்டும் எப்போது நினைத்தாலும் என்னை நெகிழ வைக்கும். எங்கள் பெருநாளுக்கு அரபியில் 'ஈத்' என்று பெயர். அந்தச் சொல் குர்ஆன் முழுவதிலும் ஒரேயொரு தடவைதான் வருகிறது. சீடர்கள் வானத்திலிருந்து உணவுத் தட்டு கேட்க, "எங்கள் இறைவா, எங்களில் முன்னவருக்கும் பின்னவருக்கும் அது ஒரு பெருநாளாக இருக்க, ஓர் உணவுத் தட்டை இறக்கித் தா" என்று ஈஸா நபி கேட்கும் துஆவில் (பிரார்த்தனையில்). ஐந்தாவது அத்தியாயத்துக்கு 'மாயிதா', அதாவது உணவுத் தட்டு, என்று பெயர் வந்ததே அந்த நிகழ்ச்சியால்தான்.

வாழ்த்துச் சொல்வது பற்றிய கருத்து வேறுபாடு உண்மையானது. 1328இல் டமஸ்கஸில் மறைந்த இப்னு தைமிய்யா, பிற சமயத்தாரின் பண்டிகைகளில் அவர்களைப் போல நடப்பதைக் கடுமையாக எதிர்த்து எழுதினார். அவருடைய மாணவர் இப்னுல் கய்யிம், அவர்களின் மதச் சடங்குக்கு வாழ்த்துச் சொல்வதே கூடாது என்றார். சவூதியின் இப்னு உஸைமீன் போன்றோர் நம் காலத்தில் அதையே சொன்னார்கள். எதிர்ப்பக்கத்தில் யூஸுப் அல்கர்ளாவியும் எகிப்தின் ஃபத்வா (மார்க்கத் தீர்ப்பு) அமைப்பான தாருல் இஃப்தாவும், பகைமை காட்டாத அயலவருக்கு வாழ்த்துச் சொல்வது நன்னடத்தையே தவிர அவர்களின் கொள்கையை ஏற்பது ஆகாது என்கிறார்கள். 'உங்களோடு போரிடாதவர்களுக்கு நன்மை செய்வதை அல்லாஹ் தடுக்கவில்லை' என்ற 60ஆவது அத்தியாய வசனமும், வாழ்த்தப்பட்டால் அதைவிட அழகாக வாழ்த்துங்கள் என்ற 4ஆவது அத்தியாய வசனமும் அவர்களின் ஆதாரங்கள். இந்தோனேசியாவில் 1981இல் உலமா சபை, முஸ்லிம்கள் கிறிஸ்மஸ் வைபவங்களில் பங்குபற்றக் கூடாது என்று ஃபத்வா கொடுத்து, அதைத் திரும்பப் பெறும்படி அரசாங்கம் நெருக்க, சபையின் தலைவர் ஹம்கா பதவியையே விட்டார். லெபனானிலோ கபிரியேல் மரியாளிடம் செய்தி கொண்டுவந்த மார்ச் 25ஐ, 2010 முதல் கிறிஸ்தவரும் முஸ்லிம்களும் சேர்ந்த தேசிய விடுமுறையாக வைத்திருக்கிறார்கள். பண்டிகையை அல்ல, மர்யமை நடுவில் வைத்தார்கள். எனக்கு அது பிடித்த வழி.

கொழும்பில் மதீனாவில் படித்த மௌலவியும் உண்டு, அல்அஸ்ஹரில் படித்தவரும் உண்டு, வேலூரில் ஓதி வந்தவரும் உண்டு. ஒரே கேள்விக்கு மூன்று பதில் கிடைப்பதில் ஆச்சரியமில்லை. ஆனால் அன்றாட வாழ்க்கையில் மக்கள் ஒரு கோட்டைத் தாமாகவே கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். டிசம்பரில் புறக்கோட்டைக்குப் போனால், நத்தார் மரமும் நட்சத்திரக் கூடும் மினுங்கல் தோரணமும் விற்பவர்களில் எத்தனையோ பேர் தொப்பி போட்ட நம் ஆட்கள். பாங்கு சொன்னால் கடையை ஒருவரிடம் பார்க்கச் சொல்லிவிட்டு இரண்டாம் குறுக்குத் தெருச் சிவப்புப் பள்ளிக்கு ஓடுவார்கள். அதே ஆள் தன் வீட்டில் மரம் வைக்க மாட்டார். அயல் வீட்டுக்குப் பகல் சாப்பாட்டுக்குப் போவார், நள்ளிரவுத் திருப்பலியில் முழந்தாளிட மாட்டார். இறைச்சி ஹலாலா என்று கேட்கச் சங்கடப்படத் தேவையில்லை, நீண்ட நாள் அயலவர் கேட்கும் முன்பே முஸ்லிம் கடையில் வாங்கியதாகச் சொல்லிவிடுவார். கிறிஸ்மஸ் கேக்கில் ரவையும் கஜுவும் பூசணித் தோசியும் போட்டுப் பிராந்தியில் ஊறவைப்பது கொழும்பு வழக்கம். அன்ரி ஊறவைக்கும் முன்னரே எங்களுக்கென்று ஒரு பங்கை எடுத்து வைத்துவிடுவார். நோன்புப் பெருநாளுக்கு எங்கள் வட்டிலாப்பம் போகும். போன தட்டு வெறுமையாகத் திரும்பி வந்ததில்லை.

2019 ஏப்ரல் 21க்குப் பிறகு இவை எதையும் இலேசாக எழுத முடியவில்லை. உயிர்த்த ஞாயிறு காலையில் கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்தில் வெடித்த குண்டு எங்கள் வீட்டு ஜன்னல்களை உலுக்கியது. கட்டுவாப்பிட்டி, மட்டக்களப்பு சியோன் ஆலயம், ஹோட்டல்கள் எல்லாம் சேர்த்து 260க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். செய்தவர்கள் எங்கள் கலிமாவை, எங்கள் நம்பிக்கையின் உறுதிமொழியை, சொல்லிக்கொண்டு வந்தவர்கள். மர்யமின் பெயரால் ஒரு அத்தியாயத்தை ஓதுகிறவன், மர்யமின் மகனை வணங்கக் கூடியிருந்த பிள்ளைகளை எப்படிக் கொன்றான் என்று உம்மா அழுதது இன்னும் காதில் இருக்கிறது. அந்தக் கொலைகாரர்களின் உடல்களை முஸ்லிம் மையவாடிகளில் அடக்க அனுமதிக்க மாட்டோம் என்று இலங்கை மார்க்க அறிஞர் சபையான ஜம்இய்யத்துல் உலமா அறிவித்தது. அந்த வருடம் அன்ரி குடில் கட்டவில்லை. நாங்களும் என்ன சொல்லி வாழ்த்துவது என்று தெரியாமல் கேற்றடியில் நின்றோம். அவர்தான் உள்ளே வரச் சொன்னார்.

அடுத்த டிசம்பரில் நிலைமை மாறியது. கொரோனாவில் இறந்த முஸ்லிம்களின் ஜனாஸாக்களை (உடல்களை), அடக்க விடாமல், அரசாங்க உத்தரவின்படி எரித்துக்கொண்டிருந்தார்கள். பிறந்து 20 நாளான ஒரு குழந்தையையும் எரித்தார்கள். பொரளை கனத்தை மயானக் கேற்றில் இறந்தவரைப் போர்த்தும் கஃபன் துணியைப் போல வெள்ளைத் துணி கட்டி மக்கள் துக்கத்தைக் காட்டினார்கள். எல்லாச் சமயத்தவரும் வந்து கட்டினார்கள். திருவருகைக் காலத்தில், குடிலுக்கு வைக்கோல் வாங்கப் போன அன்ரியின் மகன் வெள்ளைத் துணி ஒன்றையும் வாங்கிக்கொண்டு பொரளைக்குப் போனான்.

இந்தோனேசியாவில் 2000ஆம் ஆண்டு நத்தார் இரவில், மொஜோகெர்தோ நகரத் தேவாலயமொன்றுக்குக் காவல் நின்ற ரியான்தோ என்ற முஸ்லிம் இளைஞர், அங்கே கிடந்த குண்டை வெளியே எடுத்துக்கொண்டு போகையில் அது வெடித்து இறந்தார். நஹ்ழதுல் உலமா அமைப்பின் இளைஞர் பிரிவைச் சேர்ந்தவர். அவர் உள்ளே போய் ஆராதனையில் கலந்துகொள்ளவில்லை. வெளியே நின்றார். நத்தார் நாளில் ஒரு முஸ்லிம் எங்கே நிற்க வேண்டும் என்று என் பிள்ளைகள் கேட்டால், இவரைத்தான் காட்டுவேன்.

நான் 25ஆம் திகதி காலையில் அடுத்த வீட்டுக்குப் போய், "நத்தார் வாழ்த்துகள் அன்ரி" என்பேன். என் தம்பி அப்படிச் சொல்வதில்லை. "அல்லாஹ் உங்களுக்கு நல்ல சுகத்தைத் தரட்டும்" என்பான். அவன் படித்த மௌலவி அப்படிச் சொல்லிக்கொடுத்திருக்கிறார், அதில் எனக்கு மனத்தாங்கல் இல்லை. அன்ரி இரண்டுக்கும் ஒரே கேக்கைத்தான் வெட்டித் தருகிறார். இன்றுவரை அவர் குடிலில் ஈத்த மரம் வைத்ததில்லை. நானும் வைக்கச் சொல்வதில்லை. அது அவருடைய நற்செய்தியில் உள்ள குடில். நோன்பு மாதத்தில் நாங்கள் அனுப்பும் ஈத்தம்பழப் பெட்டியை மட்டும் "மாதாட பழம் வந்திட்டா?" என்று கேட்டு வாங்கிக்கொள்வார்.